வீடும் பள்ளியும்: சிறுவர் கற்க வேண்டிய முதலுதவி

சென்ற மாதம் ஒரு நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், ஒரு பாட்டியம்மாள் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் பேத்தியின் மணிக்கட்டு, முகத்தில் கோபம். பேத்தி நான்காம் வகுப்பு மாணவி. தலையைக் குனிந்துகொண்டு கால் விரலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஸார், பெரியவங்க பேச்சை மீறணும்னுதான் இங்கே சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றார் பாட்டியம்மாள்.

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. முதல் நாள் மாலை அந்தப் பெண்ணின் மூன்று வயதுத் தம்பி, மேஜை விளிம்பிலிருந்த காப்பி டம்ளரை எட்டி இழுத்துக் கையில் கொட்டிக்கொண்டான். பாட்டியம்மாள் தம் அறுபது வருஷ அனுபவத்தின்படி இட்லி மாவுக் கிண்ணத்துடன் ஓடி வந்தார். அதற்குள் அந்தப் பெண் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போய்விட்டாள். "மாவு வேண்டாம் பாட்டி, தண்ணீர்தான் வேண்டும்" என்று சொல்லி, குழந்தையின் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தவள், குழந்தை அழுதும் விடவில்லை, பாட்டி அதட்டியும் விடவில்லை. இருபது நிமிஷம்! பாட்டியம்மாளின் புகார்கள் இரண்டு: ஒன்று, பேத்தி சொல் கேட்கவில்லை, இரண்டு, தண்ணீர் லாரி வராத நாளில் இரண்டு குடம் தண்ணீர் சாக்கடைக்குப் போயிற்று.

இரண்டாவது புகாருக்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்றுமில்லை. முதலாவதற்கு மட்டும், "குழந்தையின் கை எப்படியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். "கை நல்லாத்தான் இருக்கு. கொப்புளம்கூடக் கிளம்பலை. அதுக்காக?" என்று பாட்டியம்மாள் சொல்லிவிட்டு, தாமே சிறிது சிரித்தும்விட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாட வேளையில் நாம் நடத்திவரும் முதலுதவி வகுப்பின் பலன் இது. இந்த வகுப்பை நாம் ஆரம்பித்த கதையையும் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்; அதில் நமக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு மாணவன் திடீரென்று கீழே விழுந்து, கை கால்கள் வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளக் கிடந்தான். நாம் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவர். விஞ்ஞானமும் சிறிது படித்தவர். அப்படிப்பட்ட நாம் அந்த க்ஷணத்தில் செய்தது என்னவென்றால், சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு ஆபீஸ் அறைக்கு ஓடியதுதான். வலிப்புக்கு இரும்பு என்பது நம் மூளையில் எந்தக் காலத்திலோ பதிந்துபோயிருந்தது. சாவிக்கொத்துடன் நாம் திரும்பி வந்தபோது, ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் பையனின் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கிடந்த கற்களை அப்புறப்படுத்தியிருந்தாள். அவன் தலைக்கடியில் தன் தாவணியைச் சுருட்டி வைத்திருந்தாள். கையையும் காலையும் யாரையும் அழுத்திப் பிடிக்க விடவில்லை. இழுப்பு அடங்கியதும் அவனை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். வாயிலிருந்த எச்சில் தானாக வெளியே வழிந்தது. "எத்தனை நிமிஷம் ஆச்சு ஸார்?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டாள். நாம் கடிகாரத்தையே பார்க்கவில்லை.

அவளுடைய அண்ணனுக்கு அந்த நோய் உண்டாம். ஆஸ்பத்திரியில் தாயாருக்கு டாக்டர் சொன்னதை அருகில் நின்று கேட்டிருக்கிறாள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கரண்டியும் கூடாது, துணியும் கூடாது, தண்ணீரும் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108க்குச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் பாடம். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. அன்று மாலை அந்தச் சாவிக்கொத்தை மேஜையின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரமே, முதலுதவிப் பயிற்சி தரும் வகுப்பு ஒன்றில் நாமே மாணாக்கராகச் சேர்ந்துவிட்டோம்.

இனி, தீப்புண் விஷயம். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு நேரும் விபத்துகளில் முதன்மையானவற்றுள் இது ஒன்று என்பதனால் சற்று விரிவாகவே சொல்லலாம். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சோறு, மூடியபடியே இன்னும் சிறிது நேரம் வேகிறதல்லவா? தோலும் அப்படியே. கொதிக்கும் ரஸம் மேலே பட்டு வழிந்து போன பிறகும், உள்ளே புகுந்த சூடு தசையை வேகவைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஓடுகிற குளிர்ந்த நீர் அந்தச் சூட்டை வெளியே இழுத்துவிடுகிறது. இருபது நிமிஷம் ஓடவிடுவது உத்தமம். விபத்து நேர்ந்து மூன்று மணி நேரம் வரையில்கூட இந்தச் சிகிச்சையால் பயன் உண்டென்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, வெண்ணெய், மஞ்சள் விழுது ஆகியவை எல்லாம் செய்வது என்ன? உள்ளேயுள்ள சூட்டுக்கு மூடி போடுகின்றன, அழுக்கையும் சேர்க்கின்றன, பிறகு ஆஸ்பத்திரியில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை இரண்டாம் தடவை வேதனைப்படுகிறது. பனிக்கட்டியும் ஆகாது, அது தோலுக்கு வேறொரு காயம்.

குழாயில் தண்ணீர் வராத வீடுகளில் என்ன செய்வது? குழந்தைகளே நம்மிடம் கேட்ட கேள்வி இது. வாளித் தண்ணீரைச் செம்பால் மொண்டு மெல்ல ஊற்றிக்கொண்டிருக்கலாம். கீழே ஒரு தாம்பாளத்தை வைத்துப் பிடித்து, அதே சுத்தமான நீரை மறுபடியும் மொண்டு ஊற்றலாம். பாட்டியம்மாளுக்கும் இந்த யோசனையைச் சொன்னோம், முகம் மலர்ந்தது. வீக்கம் கண்டுவிடுவதற்கு முன் வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் இவற்றைக் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்கக் கூடாது. காயம் குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாயிருந்தாலும், முகத்திலோ கையிலோ மூட்டிலோ இருந்தாலும், நீரூற்றிய பின் சுத்தமான துணியால் தளர மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதே.

இருபது நிமிஷம் என்பதை ஒன்பது வயதுக் குழந்தை எப்படி அளப்பது? வாய்பாட்டை ஒன்றிலிருந்து பதினாறு வரை அவசரப்படாமல் ஒப்பிக்கச் சொல்கிறோம். வகுப்பில் கடிகாரம் வைத்துச் சோதித்தபோது பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. வாய்பாடு தெரியாத பையன்களுக்கு இன்னும் அதிக நேரம் பிடித்தது. காயத்துக்கு அதனால் நஷ்டமில்லை.

தீபாவளிச் சமயத்திலும் கார்த்திகைச் சமயத்திலும் மற்றொன்றையும் விளையாட்டாகவே கற்பிக்கிறோம். பாவாடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் காற்று விசிறிபோல் வேலை செய்யும். நில், விழு, உருள். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு தரையில் உருள வேண்டும். மைதானத்தில் நாற்பது குழந்தைகள் ஒரே சமயத்தில் உருளுவதைப் பார்த்தவர்கள், இந்த வாத்தியாருக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணியிருக்கலாம். சட்டைகளைத் தோய்த்த தாய்மார்கள் நிச்சயமாக எண்ணினார்கள்.

'இவ்வளவு சிறிய குழந்தைகளால் இதெல்லாம் ஆகுமா?' என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு தகப்பனார் நேரிலேயே வந்து கேட்டார். நார்வே தேசத்தார் இந்தக் கேள்வியை நெடுநாளைக்கு முன்பே கேட்டு விடையும் கண்டவர்கள். அந்நாட்டின் ஸ்டவாங்கர் நகரில் ஆஸ்முண்ட் லேர்டால் என்றொருவர் குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்து விற்று வந்தார். அவருடைய சிறு மகன் ஒரு சமயம் நீரில் மூழ்கி, அவர் இழுத்தெடுத்துப் பிழைக்க வைத்தாராம். பிற்பாடு வைத்தியர்கள், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை ஜனங்களுக்குப் பழக்குவதற்கு ஒரு பொம்மை வேண்டுமென்று அவரிடம் கேட்டார்கள். 1960ஆம் ஆண்டில் அவர் செய்து தந்த அந்தப் பெண் பொம்மைக்கு, பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் மூழ்கி இறந்தவளென்று கதை வழங்கும் ஓர் அநாமதேய யுவதியின் முக வார்ப்பையே முகமாக அமைத்தார். 1961ஆம் ஆண்டுக்குள் நார்வேப் பள்ளிச் சிறுவர்கள் அந்தப் பொம்மையைக் கொண்டு பயிலத் தொடங்கிவிட்டார்கள். 2009ஆம் ஆண்டில் அதே தேசத்தில் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குச் சில பாட வேளைகள் மட்டும் கற்பித்துப் பரீட்சித்துப் பார்த்து, நினைவிழந்தவரைச் சோதிப்பதையும், ஒருக்களித்துப் படுக்க வைப்பதையும், உதவிக்கு அழைப்பதையும் அவர்களால் செய்ய முடிகிறது என்று பிரசுரித்தார்கள். டென்மார்க்கில் 2005 முதல் இது பள்ளிகளில் கட்டாயப் பாடம்.

ஆயினும் அளவுக்கு மீறி ஆசைப்படுவதிலும் பயனில்லை. நின்றுபோன இருதயத்தை மார்பில் அமுக்கி இயக்கும் வேலைக்கு உடற்பலம் வேண்டும். பிரிட்டனில் கார்டிப் நகரப் பள்ளிகளில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒன்பது பத்து வயதுச் சிறுவர்களால் போதிய ஆழத்துக்கு அமுக்க முடியவில்லை. பதின்மூன்று பதினான்கு வயதினர் பெரியவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். ஆகவே அந்த வித்தையை நாம் எட்டாம் வகுப்புக்கு மேல்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். சின்னக் குழந்தைகளுக்கு, கைகளை எங்கே வைப்பது என்று காட்டுவதோடு சரி.

இது ஏதோ மேல்நாட்டு மோஸ்தர் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1899ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, காந்தியடிகள் நேட்டாலில் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். சுமார் 1,100 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய முந்நூறு பேர் மட்டுமே சுயேச்சையான குடிகள்; மற்றவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அக்கூலிகளில் தமிழர் ஏராளம். டாக்டர் பூத் என்ற பாதிரியார் அவர்களுக்குக் காயம் கட்டுவதையும் காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வதையும் பயிற்றினார். எழுத்தறியாத மனிதர்கள் டோலிகளைச் சுமந்துகொண்டு ஒரே நாளில் இருபது மைலுக்கு மேல் நடந்த சந்தர்ப்பங்களும் உண்டு. அன்று அவர்கள் கற்றதை இன்று நம் நான்காம் வகுப்புக் குழந்தைகள் கற்க முடியாதா?

பாடத்தை நாம் எங்கிருந்து தொடங்குகிறோம் என்றால், மருந்திலிருந்தோ கட்டுத் துணியிலிருந்தோ அன்று, விலாசத்திலிருந்து. முதல் நாள் வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் எழுந்து நின்று தன் வீடு எங்கே என்று சொல்ல வேண்டும். "எங்கள் தெருவில்" என்றது ஒரு குழந்தை. "அம்மா இருக்கும் வீட்டில்" என்றது மற்றொன்று. 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஆனால் எங்கே வரவேண்டுமென்று சொன்னால்தானே வரும்? கதவு எண், தெரு, ஊர், அருகில் கோயிலோ ரேஷன் கடையோ தண்ணீர்த் தொட்டியோ எது இருக்கிறது என்ற அடையாளம் ஆகியவற்றை மனப்பாடம் செய்விக்கிறோம். பூட்டியிருக்கும் கைபேசியிலிருந்தும் அவசர எண்ணை அழைக்கலாம் என்பது பெரியவர்களில் பலருக்கே தெரியாது. ஒரு குழந்தை நோயாளியின் வீட்டார், இன்னொரு குழந்தை டெலிபோனில் பதில் சொல்பவர் என்று நாடகம் நடத்துகிறோம். எதிர்முனையிலிருப்பவர் வைக்கச் சொல்லும் வரையில் டெலிபோனை வைக்கக் கூடாது என்பது விதி. இந்த நாடகத்தில் பதில் சொல்பவராக நடிக்க எப்போதும் போட்டா போட்டி.

இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். பத்து நிமிஷம் எடுத்துப் பார்க்கக் கூடாது. 'எடுத்துப் பார்க்கக் கூடாது' என்பதுதான் சிறுவர்களுக்குக் கடினமான பகுதி. சில்லுமூக்கு உடைந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதனால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்பக்கம் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை விரல்களால் பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். மாசி பங்குனி வெயிலில் வாரம் ஒரு முறையாவது இது நம் வகுப்பில் பிரயோகத்துக்கு வந்துவிடுகிறது.

புரையேறும் விஷயத்தில் நாம் பாட்டிமார்களோடு கொஞ்சம் சச்சரவிட வேண்டியிருக்கிறது. குழந்தைக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைச்சுக்கிறாங்க" என்று சொல்வது நம் குடும்பங்களில் பரம்பரை வழக்கம். அழகான வழக்கம்தான். நினைத்துக்கொள்கிறவர் நினைத்துக்கொள்ளட்டும். ஆனால் இருமிக்கொண்டிருக்கும் குழந்தையை இருமவிட வேண்டும். இருமலைவிடச் சிறந்த மருந்து அதற்கு இல்லை. பயப்பட வேண்டியது சத்தத்துக்கு அன்று, சத்தமின்மைக்கே. வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ நாணயமோ மூச்சுக்குழாயை முழுதும் அடைத்துக்கொண்டால் குழந்தையால் அழவும் முடியாது, இருமவும் முடியாது. கண்கள் மிரள, உதடு நீலம் பாயும். அந்நேரத்தில் குழந்தையை முன்புறம் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அதிலும் வராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தும் முறை ஒன்றுண்டு. அமெரிக்க டாக்டர் ஹைம்லிக் என்பவர் 1974இல் வெளியிட்டது அது. அதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். ஒரு வயது நிரம்பாத சிசுவுக்கு ஒருபோதும் செய்யலாகாது. சிசுவைக் கையின்மேல் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டுவதும், பிறகு மல்லாத்தி மார்பில் அழுத்துவதுமே முறை. ஏழு வயது அக்காள் செய்ய வேண்டியது, சத்தம் நின்றுபோனதைக் கவனித்து, "தம்பி மூச்சு விடலை!" என்று கூவுவது. அந்தக் கூவல் இல்லாமல் எத்தனையோ வீடுகளில் குழந்தை தூங்குகிறதென்று நினைத்திருக்கிறார்கள்.

சில பாடங்கள், செய்யாமலிருக்கக் கற்பிப்பவை. குளத்திலோ கல்குவாரியிலோ தோழன் மூழ்கினால் குழந்தை நீரில் இறங்கவே கூடாது. ஒருவனைக் காப்பாற்ற ஒருவனாக இறங்கி மூவரும் நால்வரும் போய்விட்ட செய்திகளைக் கோடை விடுமுறைதோறும் பத்திரிகையில் படிக்கிறோம். கூவ வேண்டும், கம்பு, கயிறு, துண்டு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர்க் கேன் எது கிடைத்தாலும் வீச வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடக் கூடாது. மழைக்காலத்தில் அறுந்து கிடக்கும் கம்பியின் பக்கம் போகவே கூடாது.

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் சினிமாவில் மட்டும் பலிக்கும். கடிபட்டவரை அசையாமல் கிடத்தி, கொலுசு மோதிரங்களைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள் யாரென்று குழந்தைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்தையும் எடுப்பவர்கள் நம்முடைய இருளர் மக்கள்தாம். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாடப் புத்தகத்தில் இவர்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தால் என்ன என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

இவை எல்லாவற்றையும்விட நாம் முக்கியமாக நினைக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவது நமக்கு எளிதன்று.

1989ஆம் ஆண்டு. காவேரிக்கரையில் ஒரு சிற்றூர். நமக்கு ஒன்பது வயது; எதிர் வீட்டுப் பையனுக்கும் ஒன்பது வயது. இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். ரயில்வே பாதைக்கு அப்பாலுள்ள மாந்தோப்புக்குப் போகக் கூடாதென்பது அவன் தகப்பனாரின் கட்டளை. போனோம். திரும்பும்போது ஒரு தெருநாய் அவனுடைய கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பெரிய காயம் அல்ல. இரண்டு பற்கள் பதிந்த அடையாளம். அவன் மண்ணைத் தடவிக்கொண்டான். வீட்டுக்குத் தெரிந்தால் தகப்பனாரின் பெல்ட்டு. அதைவிடப் பெரிய பயம், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள். அந்நாளில் நாய்க்கடிக்கு வயிற்றில்தான் போடுவார்கள், அதைப் பற்றிக் குழந்தைகளிடையே வழங்கிய கதைகள் பயங்கரமானவை. யாரிடமும் சொல்வதில்லையென்று பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூர வில்லையைத் தொட்டு நம்மிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். நாம் செய்து கொடுத்தோம். வைத்துக் காப்பாற்றவும் செய்தோம்.

ஏழு வாரங்கள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் கண்டது. தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறுகிறான் என்று சொன்னார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாம் நம் தாயாரிடம் சொன்னோம். தாயார் நம்மை அடிக்கவில்லை. அந்த வீட்டாரிடம் போய் இதை ஒருநாளும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவர்கள் இப்போது இல்லை. ஆகையால் இங்கே எழுதுகிறோம்.

லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற பையனுக்கு முதன்முதலாக ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அவனுக்கும் ஒன்பது வயதே. நமது குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் 1907 முதல் இருக்கிறது. மருந்து நூறாண்டுக்கு மேலாக உலகில் இருக்கிறது. மருந்துக்கும் குழந்தைக்கும் நடுவே பெல்ட்டும் கற்பூர வில்லையும் நின்றால் மருந்து என்ன செய்யும்? வெறிநோயின் குறி வெளியே தெரிந்துவிட்ட பிறகு அநேகமாக யாருமே பிழைப்பதில்லை. தெரிவதற்கு முன் மருந்து முறையாக ஏறிவிட்டால் அநேகமாக யாருமே இறப்பதில்லை.

ஆகவே குழந்தைகளுக்கு நாம் சொல்வது இது: நாயோ பூனையோ குரங்கோ கடித்தால், கீறினாலும்கூட, குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவு. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மண் ஒன்றும் வேண்டாம். பிறகு சொல். இன்றே சொல். நேற்றுக் கடித்திருந்தாலும், போன வாரம் கடித்திருந்தாலும் சொல். வயிற்றில் ஊசி என்பது பழங்கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று கணக்கிட்டுப் போடுவார்கள். கடி ஆழமாயிருந்தால் காயத்தைச் சுற்றியும் வேறொரு மருந்து செலுத்துவார்கள். தோழன் ரகசியம் என்று சொன்னாலும், இரத்தம், விஷம், நாய் இந்த மூன்று விஷயங்களில் ரகசியம் கிடையாது. எந்தச் சத்தியமும் செல்லாது. அப்படி மீறுவது பாவமும் அன்று.

பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதைவிடச் சுருக்கம்: காயத்துடன் வரும் குழந்தையை அன்றைக்கு அடிக்காதீர்கள். மாந்தோப்புக்குப் போனதற்கு அடிக்கத்தான் வேண்டுமென்றால், நான்காவது ஊசி முடிந்த பிறகு யோசித்துக்கொள்ளலாம். அதற்குள் கோபம் தணிந்துவிடும் என்பது நம் அனுபவம்.

சென்ற அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் உபாத்தியாயர் அறையின் வாசலில் வந்து நின்றான். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. என்னவென்று கேட்டதற்கு அழத் தொடங்கிவிட்டான். சிறிது நேரம் கழித்து, தன் பலகைத் தோழனின் பெயரைச் சொல்லி, "நாய், ஸார். முந்தாநாள். சாக்ஸுக்குள்ளே மறைச்சு வெச்சிருக்கான்" என்றான். தோழனை அழைத்துவந்து, சாக்ஸைக் கழற்றிப் பார்த்தோம். கெண்டைக்காலில் பல் பதிந்த அடையாளம் இரண்டு. பள்ளிக்கூடத்துக் குழாயடியில் சோப்புக் கட்டியுடன் உட்கார்ந்து நாமே கழுவினோம். வாய்பாடு ஒப்பிக்க நமக்கு நினைவு வரவில்லை. பக்கத்தில் நின்ற பையன்தான் விம்மிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்பாடு வரை சொன்னான். அன்று மாலைக்குள் முதல் ஊசி போட்டாயிற்று. இருபத்தெட்டாம் நாள் ஊசிக்கு நாமும் கூடப் போனோம். பையன் இப்போது சௌக்கியமாக இருக்கிறான். பரீட்சையில் கணக்கில் மட்டும் தோற்றுப் போனான்.

காட்டிக் கொடுத்துவிட்டான் என்று தோழன்மேல் அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பலகையில் இடம் மாற்றித் தரும்படி இருவரும் தனித்தனியே வந்து கேட்டார்கள். நாம் மாற்றவில்லை.